‘90 நாளில் பேச வைக்கிறோம்’ என்றார்கள், இரண்டு மாதச் சம்பளம் போனது: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

மகனின் பேச்சுப் பயிற்சிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நேற்று மாலை அந்த நிறுவனத்திடமிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். கோபத்தில் இன்னும் கை நடுங்குகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்றால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். பேச்சு வராத குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நடுராத்திரியில் போனில் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு அம்மாவோ அப்பாவோ இவர்களிடம் சிக்கக் கூடாது.

என் மகனுக்கு மூன்றரை வயது. தனி வார்த்தைகள் நாற்பது தேறும். இரண்டைச் சேர்த்துச் சொல்ல மாட்டான். "செருப்பைப் போட்டுக்கிட்டு பையை எடுத்துட்டு வா" என்றால் பையை மட்டும் எடுத்து வருவான், இல்லையென்றால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டோம். அந்தக் குற்ற உணர்ச்சியில் இருந்தபோதுதான் விளம்பரம் கண்ணில் பட்டது. வீடியோ அழைப்பில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு ஆன்லைன் நிறுவனம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

முதல் அழைப்பு இலவசம். எதிர்முனையில் இருந்த பெண் என் மகனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கேட்டார். "நீங்க கடைசியா எப்போ நிம்மதியா தூங்கினீங்கம்மா?" ஒரு வருடமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை அவர் அவசரப்படுத்தவே இல்லை. பிறகு கேமராவில் இவனைப் பார்த்து, "எவ்வளவு சூட்டிகையா இருக்கான் பாருங்க, 90 நாள்ல வாக்கியம் வாக்கியமா பேசுவான், நான் எழுதியே தரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. சலுகை அன்று இரவு வரைதான் என்றதும் நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், 36 வகுப்புக்கும் மொத்தமாகக் கட்டிவிட்டோம். எங்கள் இரண்டு பேரின் இரண்டு மாதச் சம்பளம்.

மதிப்பீடு என்று ஒன்று நடந்தது. 12 நிமிடம். படங்களைக் காட்டி "இது என்ன, இது என்ன" என்று கேட்டார்கள். அவன் நான்குக்குப் பதில் சொன்னான். உடனே முடிவு வந்துவிட்டது: நாக்குத் தசையும் உதட்டுத் தசையும் பலவீனம். சொன்னால் புரிந்துகொள்கிறானா என்று பார்க்கவில்லை. காது சோதித்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் ஊதல் ஊதச் சொன்னார்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கச் சொன்னார்கள். நாக்கை நீட்டி மூக்கைத் தொடச் சொன்னார்கள். தினமும் கண்ணாடி முன்னால் நாற்பது நிமிடம், அவன் அழ அழச் செய்ய வைத்தேன். ஊதிப் பழகினால் ஊத வரும், பேச்சு வராது என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். அதே நாக்குதான் என்றாலும் பேசுவதற்கு மூளை அதை இயக்குகிற விதம் வேறு. வெறும் ஊதல் பயிற்சியால் பேச்சு மேம்படும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். இரண்டாவது வாரம், வீட்டில் ஒரே மொழிதான் பேச வேண்டும் என்றார்கள். என் மாமியாரின் தாய்மொழி வேறு. பிறந்த நாளிலிருந்து அவனிடம் அதில்தான் பேசுவார், தாலாட்டு பாடுவார். "இரண்டு மொழி கேட்டுத்தான் குழந்தை குழம்பிப் போயிருக்கு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இரண்டு மாதம் பேரனிடம் கைஜாடைதான். அவனிடம் அதிகம் பேசிக்கொண்டிருந்த ஆளின் வாயை நானே அடைத்திருக்கிறேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. இது இந்தத் துறையில் இருக்கிற யாருக்கும் தெரிந்த அடிப்படை விஷயம்.

11 வகுப்புகளில் நான்கு பேர் மாறினார்கள். வந்தவரெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். உங்கள் படிப்பு என்ன என்று கேட்டதற்கு, "எங்கள் குழு சர்வதேச முறையில் பயிற்சி பெற்றது" என்றார்கள். என்ன படிப்பு, எங்கே பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்குக் கடைசிவரை பதில் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது அவனுடைய மழலையர் பள்ளி ஆசிரியைதான். "பின்னாலிருந்து கூப்பிட்டா சில நாள் திரும்பறான், சில நாள் திரும்பறதே இல்லை. காதைப் பார்த்தீங்களா?" என்றார். பார்த்தோம். சோதனை சில நிமிடங்கள்தான். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. வலியோ காய்ச்சலோ இருந்ததில்லை. காதைப் பொத்திக்கொண்டு கேட்கிற மாதிரிதான் அவனுக்கு உலகம் கேட்டிருக்கிறது, அதுவும் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. பெரும்பாலும் இது தானாக வற்றிவிடும், மூன்று மாதம் கவனிப்போம், வற்றாவிட்டால் சிறு குழாய் வைப்பதைப் பற்றி யோசிப்போம் என்றார் மருத்துவர். நீர் ஒன்றுதான் காரணம் என்றும் சொல்ல முடியாதாம். இப்போது பார்க்கும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர், அவனுக்குப் புரிதல் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து விளையாடியே பார்த்தார். வேறு எந்தக் காரணமும் இல்லாமல் மொழியில் மட்டும் கஷ்டப்படுகிற குழந்தைகள் நூற்றுக்கு ஏழு பேர் வரை, முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் இருப்பார்கள் என்றார். 90 நாள் கணக்கு எதுவும் அவர் சொல்லவில்லை. முதல் வேலையாக என் மாமியாரைப் பேசச் சொன்னார்.

பணத்தைக் கேட்ட கதைக்கு வருகிறேன். 25 வகுப்புகள் மிச்சம். முதலில் "மேலிடத்தில் பேசுகிறோம்". பிறகு "கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம்". பிறகு, மூன்றாவது வகுப்பு முடிந்தால் பணம் திரும்பாது என்று எங்கோ எட்டாம் பக்கத்தில் இருந்த வரி. எழுதித் தருகிறேன் என்ற பெண் "வேலையை விட்டுப் போய்விட்டார்". காது விஷயத்தைச் சொன்னேன். "வீட்டில் அம்மா பயிற்சி சரியாகக் கொடுக்கவில்லை என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது" என்றார்கள். அவனை அழ வைத்து நாற்பது நிமிடம் ஊத வைத்த என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள். அதற்கப்புறம் போன் எடுப்பதே இல்லை. இரண்டு மாதச் சம்பளம் போனது போனதுதான் போலிருக்கிறது. அதைவிட மேலாக, அவன் வயதில் மூன்று மாதம் போய்விட்டது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். முதலில் காது சோதனை, "நல்லாத்தானே கேட்குது" என்று நினைத்தாலும் சோதனை. நாள் குறித்து உத்தரவாதம் தருகிறவரிடம் போகாதீர்கள். பெயர், படிப்பு, பதிவு எண் கேளுங்கள், மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டவே கட்டாதீர்கள். வீட்டு மொழியை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்காமல் விட்டது அந்த முதல் அழைப்பைத்தான்.

அவன் எழுந்துவிட்டான். பாட்டி உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்.