‘என்கிரிப்ட் செய்த பதிவு, எவராலும் திருத்த முடியாது’ என்று சொல்லி விற்கப்படும் அழைப்புப் பதிவுச் சேவைகள்: ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் சப்மெர்சிபிள் மோட்டார்களை மொத்த விற்பனை செய்யும் எங்கள் நிறுவனத்தில் பெரும்பாலான ஆர்டர்கள் தொலைபேசியிலேயே முடிந்துவிடுவதால், அழைப்புகளைப் பதிந்து வைக்கும் கிளவுட் சேவை ஒன்றை ஆண்டுச் சந்தாவில் வாங்கினோம். ‘ஏ.இ.எஸ். 256 என்கிரிப்ஷன், எவராலும் திருத்த முடியாது’ என்று கொட்டேஷனிலேயே அச்சிட்டிருந்தார்கள். (ஏ.இ.எஸ். என்பது கோப்பை ரகசியச் சாவியால் பூட்டும், அதாவது என்கிரிப்ட் செய்யும், ஒரு கணினி முறை.) நீதிமன்றத்தில் அப்படியே தாக்கல் செய்யலாம் என்று விற்பனைப் பிரதிநிதியும் தம் பங்குக்கு உறுதியளித்தார். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை.

தர்மபுரிப் பக்கத்து டீலர் ஒருவர், 5 எச்.பி. மோட்டார் கேட்டதற்கு 7.5 எச்.பி. வந்துவிட்டதாகச் சொல்லிப் பணம் தர மறுத்தார். எங்கள் பதிவில் அவர் “சரி, 7.5 எச்.பி.யே அனுப்பிடுங்க” என்று சொல்வது தெளிவாகக் கேட்டதால், அதை எங்கள் வழக்கறிஞர் வழியாக நம்பிக்கையோடு முன்வைத்தோம். பேச்சுவார்த்தைக்கு வந்த டீலர், தம் கைபேசியில் பதிந்திருந்த அதே அழைப்பைப் போட்டுக் காட்டினார். அதில், 5 எச்.பி. இருப்பு இல்லை என்றும், ஒத்துவராவிட்டால் முழுப் பணத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றும் எங்கள் ஊழியர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் கோப்பில் அந்தப் பகுதியே இல்லை. இயர்போனில் கவனமாகக் கேட்டால், பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த லேத் இயந்திரத்தின் இரைச்சல் ஓரிடத்தில் சட்டென்று அறுந்து வேறு சுருதியில் தொடர்வது புலப்படும். தொலைபேசி பில்லில் இருந்த அழைப்பு நேரமும் கோப்பின் நீளமும் ஒத்துப்போகவில்லை.

சேவை நிறுவனத்திடம் கேட்டபோது வந்த மின்னஞ்சல், கோப்பு எப்போதும் என்கிரிப்ட் செய்யப்பட்ட நிலையிலேயே இருந்தது, வெளியார் எவரும் ஊடுருவவில்லை என்று கூறியது. அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் வேதனை. மேற்பார்வையாளர் லாகினில், வாடிக்கையாளரின் கார்டு எண் போன்றவற்றை நீக்குவதற்கென்று ‘டிரிம்’ என்னும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் கோப்பு திறக்கப்பட்டு, வெட்டப்பட்டு, மீண்டும் என்கிரிப்ட் செய்யப்பட்டுப் பழைய இடத்திலேயே அமர்ந்துகொள்கிறது. மூலக்கோப்பு மிஞ்சுவதில்லை, யார், எப்போது வெட்டினார் என்ற குறிப்பும் பதிவாவதில்லை. விற்கும்போது இந்த வசதியைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை.

என்கிரிப்ஷன் என்பது சாவி இல்லாதவர் உள்ளே இருப்பதைப் படிக்காமல் தடுக்கும் ஏற்பாடு. சாவி உள்ளவர் எதையும் மாற்றவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. இன்னும் சொன்னால், ஏ.இ.எஸ்.ஸின் சி.டி.ஆர். போன்ற சில முறைகளில், சாவி இல்லாத ஒருவர் பூட்டிய கோப்பின் பிட்டுகளை (0, 1 என்ற அடிப்படைக் குறிகளை) புரட்டிவிட்டாலும் அது புகாரின்றித் திறந்துகொள்ளும். ஜி.சி.எம். முறை அத்தகைய கைவைப்பைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் சாவி வைத்திருப்பவர் வெட்டிவிட்டு மறுபடி பூட்டினால் அதற்கும் எதுவும் தெரியாது. 256 என்ற எண் சாவியின் நீளத்தைத்தான் சொல்கிறதே தவிர, சாவி யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

சட்டத் தரப்பில் நேர்ந்தது இதைவிட மோசம். அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற அடையாளம்; கோப்பு சிறிது மாறினாலும் அதுவும் மாறிவிடும். எங்களுக்குத் தந்த சான்றிதழிலும் எஸ்.எச்.ஏ. 256 முறையில் 64 எழுத்துகள் கொண்ட ஹாஷ் கம்பீரமாக நின்றது. ஆனால் அது கோப்பை நாங்கள் டவுன்லோடு செய்த அன்று கணக்கிடப்பட்டது. வெட்டிய பிறகு எடுத்த ஹாஷ், வெட்டிய கோப்பு அதன்பின் மாறவில்லை என்பதை மட்டுமே நிரூபிக்கும்.

ஆகவே இத்தகைய சேவையை வாங்குபவர்கள், அழைப்பு முடிந்த கணத்திலேயே ஹாஷ் கணக்கிடப்படுகிறதா, அது சேவை நிறுவனத்துக்கும் உங்கள் ஊழியர்களுக்கும் எட்டாத இடத்தில் சேமிக்கப்படுகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்றன்றைய ஹாஷ் பட்டியல் தானாகவே உங்கள் வழக்கறிஞரின் மின்னஞ்சலுக்குப் போகுமாறு அமைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்; உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்தின் நேர முத்திரையும் டிஜிட்டல் கையொப்பமும் சேர்ந்தால் இன்னும் உறுதி. எம்.டி.5 என்னும் பழைய ஹாஷ் முறையை மட்டும் தந்தால் ஏற்காதீர்கள். வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 மதிப்பு வரச் செய்யலாம் என்று 2004-இலேயே காட்டிவிட்டார்கள், எஸ்.எச்.ஏ. 1 என்னும் இன்னொரு பழைய முறைக்கும் 2017-இல் அதே கதி ஏற்பட்டது. டிரிம் வசதி இருந்தே தீர வேண்டும் என்றால், மூலக்கோப்பு தொடப்படாமல், வெட்டிய பிரதி தனிக் கோப்பாக உருவாக வேண்டும். நேர்மையாகவே வேவ் கோப்பை எம்.பி.3 ஆக்கினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால், பதிவான வடிவத்திலேயே ஒரு பிரதியைப் பாதுகாப்பதும் அவசியம்.

அந்த டீலரின் மோட்டாரை எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டோம். சந்தாவில் மீதமுள்ள தொகையைத் தர மறுத்த சேவை நிறுவனத்துக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போயிருக்கிறது. சேமிப்பில் உள்ள மற்ற பதிவுகளில் எவையெல்லாம் வெட்டப்பட்டவை என்று அதில் கேட்டிருக்கிறோம். அதைக் கண்டறிய வழியில்லை என்பதே அவர்கள் இதுவரை தந்திருக்கும் பதில்.