ஆடா, காசா, கடனா: உதவிப் பட்டியலிலிருந்து சொந்த வருமானத்துக்கு வர எது பொருத்தம்?

கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்தக் கிராமத்தை எடுத்தாலும், வறிய குடும்பங்களுக்கான அரசாங்க உதவி நான்கு உருவத்தில் வந்து சேர்கிறது. மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் அஸ்வெசும ஒன்று. பிரதேச செயலகம் ஊடாகக் கிடைக்கும் ஆடு, கோழி, தையல் மெசின் போன்ற வாழ்வாதார உதவி இன்னொன்று. மூன்றாவது சமுர்த்தி வங்கியின் சுயதொழில் கடன். அப்புறம் பயிற்சி வகுப்புகள். இவற்றில் எது ஒரு குடும்பத்தைத் தன் வருமானத்தில் வாழ வைக்கும் என்பதை, விண்ணப்பப் படிவம் நிரப்புகிறவர்களும் அவர்களுக்குச் சிபாரிசு செய்யும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் யோசித்துப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கும் பொருள் எது என்பதைவிட, கொடுத்த பிறகு எத்தனை மாதம் கூட நிற்கிறார்கள் என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. 1989 இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய ஜனசவிய திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், 24 மாதத்துக்கு என்று கணக்கு. அதில் 1,458 ரூபாய் சாப்பாட்டுச் செலவுக்கு. மீதி 1,042 ரூபாய் சேமிப்பில். இரண்டு வருட முடிவில் அந்தச் சேமிப்பு 25,000 ரூபாய் மூலதனமாக நிற்கும், அதை வைத்துத் தொழில் தொடங்கலாம் என்பது திட்டம். சாப்பாடும் மூலதனமும் ஒன்றாக வர வேண்டும் என்று அன்றைக்கே யோசித்தவர்களை நான் மதிக்கிறேன். 1995 இல் வந்த சமுர்த்தி வறுமை ஒழிப்புத் திட்டம், மாத உதவியோடு சமுர்த்தி வங்கிகளையும் சிறு குழுக்களையும் கொண்டுவந்தது. ஆனால் மாத உதவி சிறு தொகையாகப் பலருக்கும் பிரிந்து போனது. எப்போது, எப்படி ஒரு குடும்பம் பட்டியலை விட்டு வெளியே வரும் என்பதற்குத் தெளிவான வழி இருக்கவில்லை.

2023 ஜூலையில் சமுர்த்தி மாத உதவியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. நான்கு பிரிவு: 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து வறியவர்களின் 8,500 ஐ 10,000 ஆகவும், மிக வறியவர்களின் 15,000 ஐ 17,500 ஆகவும் கூட்டினார்கள். இந்த இரண்டு பிரிவுக்கும் மூன்று வருடம் என்று காலம் வைத்தார்கள். தொகை குறைந்த மற்ற இரண்டு பிரிவுக்கும் அதைவிடக் குறைவான காலம், அதைப் பிறகு நீட்டினார்கள். காசு நேரே குடும்பத்தின் கணக்குக்குப் போகிறது. கடைக் கொப்பியில் ஏறிய கடனை இறக்குகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கிறது, வாவியில் மீன்பாடு இல்லாத மாதத்தில் அடுப்பை எரிய வைக்கிறது. மிக வறிய குடும்பமொன்றுக்கு வருடத்துக்கு 2,10,000 ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல.

மாதக் காசு கொடுத்தால் ஆட்கள் உழைக்க மாட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஆறு வளர்முக நாடுகளின் காசு உதவித் திட்டங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வில், உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இங்கே உள்ள சிக்கல் வேறு. குடும்பங்களைத் தெரிவுசெய்யக் கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கங்களைப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் ஒரு தொழிலை வெளிப்படையாகப் பெரிதாக்கினால் அடுத்த பதிவில் பெயர் போய்விடுமோ என்ற பயம் வரத்தானே செய்யும்? தொழில் நிலைபெறும் வரை உதவி நிற்காது என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் அந்தப் பயம் பாதியாகக் குறையும்.

அடுத்தது ஆடும் கோழியும். பிரதேச செயலகங்களும் தொண்டு நிறுவனங்களும் அதிகம் கொடுப்பது இவற்றைத்தான், கையளிக்கும்போது படம் எடுப்பதும் இவற்றுக்குத்தான் அதிகம். ஒரு சினை ஆடு குட்டி போட ஐந்து மாதம். குட்டி வளர்ந்து விற்கும் அளவுக்கு வர இன்னும் பல மாதம். கோழிக்குஞ்சு முட்டையிட ஏறக்குறைய ஐந்து மாதம். கன்றுக்குட்டியாகக் கொடுக்கும் பசு பால் தர இரண்டு, மூன்று வருடம். அதுவரைக்கும் தீன், கூடு, தடுப்பூசி எல்லாம் அந்த வீட்டின் செலவு. கையில் ஒன்றும் இல்லாத ஒரு தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எதை விற்பாள்? ஆட்டைத்தான். அவளை 'உதவியை விற்றுத் தின்றவள்' என்று பட்டியலில் குறிப்பது அநியாயம். அவள் தன் கையில் இருந்த ஒரே சேமிப்பை எடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இந்த மண்ணுக்கே உரிய தடைகளும் உண்டு. மாரி வெள்ளம் முதலாவது. 2024 நவம்பரில் மட்டக்களப்பும் அம்பாறையும் எப்படித் தண்ணீரில் நின்றன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐப்பசியில் கொடுக்கும் கோழிக்குஞ்சு கார்த்திகை வெள்ளத்தைத் தாண்ட உயரமான கூடு வேண்டும். இரண்டாவது மேய்ச்சல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் மாட்டுக்கு இடம் இருக்கிறது என்று வெளியூரார் நினைப்பார்கள். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் சித்தாண்டியில் தொடர் போராட்டம் நடத்த வேண்டி வந்ததே அதற்குப் பதில். மட்டக்களப்பு எருமைத் தயிருக்கு எங்கே போனாலும் பெயர் இருக்கிறது. மாடு நிற்கத் தரை இல்லாமல் அந்தப் பெயரை வைத்து என்ன செய்வது? மூன்றாவது, ஒரே தெருவில் எல்லோருக்கும் தையல் மெசின். ஏறாவூர், காத்தான்குடிக் கடைகளில் தைத்த உடுப்பு மலிவாகக் கிடைக்கும்போது, பத்து மெசின்களுக்கு வேலை எங்கிருந்து வரும்? மருதமுனையில் நெசவுக்குத் தறி கொடுத்தால் அது வேறு கதை. அங்கே நூல் எடுக்க ஆள் உண்டு, நெய்ததை வாங்கவும் ஆள் உண்டு, கையில் பரம்பரைத் தொழில் அறிவும் உண்டு.

சரி, பொருளாகக் கொடுக்காமல் மொத்தமாகக் காசாகக் கொடுத்தால்? இதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, 2005 இல் தென்பகுதிச் சிறு தொழில் செய்வோரிடையே சீட்டுக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள். சிலருக்குக் காசு, சிலருக்கு அவர்கள் கேட்ட பொருள். சராசரியாகப் பார்த்தால் அந்த மூலதனம் மாதம் 5 சதவீதம் அளவுக்கு வருமானம் ஈட்டியது. காசுக்கும் பொருளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இலாபம் கூடியது ஆண்களின் தொழில்களில்தான். பெண்களின் தொழில்களில் கூடவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு பார்த்தபோதும் அதே நிலை.

பெண்களுக்குத் தொழில் வராது என்று இதிலிருந்து முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள். அதே தரவுகளை வேறு ஆய்வாளர்கள் திரும்ப எடுத்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் இன்னொருவருக்கும் தொழில் இருந்தால், மனைவிக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் கணவனின் தொழிலுக்குள் போயிருக்கிறது. அந்த வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் தொழில் செய்தால், மூலதனம் பலன் தந்திருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இருக்க முடியாது. யுத்தத்திலும் சுனாமியிலும் துணையை இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இங்கே எத்தனையோ பேர். 'பெண்ணுக்குக் கொடுத்த காசு வீண்' என்ற பேச்சு அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

கடன் விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். முதல் படியாகக் கடனைக் கொடுக்கக் கூடாது. கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து தவணை கேட்கும் நுண்கடன் கம்பனிகள் கிழக்கில் என்ன செய்தன என்பதை நாம் பார்த்தோம். ஆடு குட்டி போட ஐந்து மாதம், தவணை ஏழாம் நாள்: இந்தக் கணக்கு ஒருநாளும் சரிவராது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு ஒரு சோடி தோடு அடகு. நிலைமை முற்றித்தான் 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அதே வருட முடிவில் நுண்கடனுக்கு 35 சதவீத வட்டி உச்சவரம்பும் வந்தது. 35 சதவீதம் உச்சம் என்றால், அதற்கு முன் என்ன வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சமுர்த்தி வங்கிக் கடனை இதோடு சேர்த்து எண்ண வேண்டாம். குழுவில் சேர்ந்து, சேமிப்பைக் காட்டி எடுக்கும் கடன் அது, ஊரறிந்த உத்தியோகத்தரிடமே போய்ப் பேசலாம். இடியப்பம் அவித்து விற்று நிலையான வாடிக்கை பிடித்த ஒருவர், இன்னொரு அடுப்பும் மா அரைக்கும் இயந்திரமும் வாங்க அந்தக் கடனை எடுப்பது நல்ல முடிவு. இன்னும் ஒரு பொதி இடியப்பம் விற்றுப் பார்க்காதவர் எடுப்பது ஆபத்து.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் பெண்களுக்குக் கொடுத்த தொழில் பயிற்சியை அளந்து பார்த்ததில், ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்ததால் இலாபம் கூடவில்லை. புதிதாகத் தொடங்க இருந்தவர்கள் சீக்கிரம் தொடங்க அது உதவியது. சான்றிதழோடு முடியும் வகுப்புக்கு ஒதுக்கும் காசைக் குறைத்து, வேறு இடத்தில் போடலாம்.

எங்கே போடுவது? எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு முறை இருக்கிறது. பங்களாதேஷில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 2002 இல் தொடங்கியது. குடும்பம் தெரிவுசெய்த ஒரு சொத்து, அது வருமானம் தரும் வரை மாதச் சாப்பாட்டுக் காசு, சேமிப்பு, பயிற்சி, அப்புறம் அடிக்கடி வீடு தேடி வரும் ஓர் உத்தியோகத்தர். மொத்தம் 24 மாதம். எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் இதைச் செய்து பார்த்த முடிவு 2015 இல் வெளியானது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாகச் சேமித்தார்கள். மேற்கு வங்காளத்தில் பத்து வருடத்துக்குப் பிறகும் வித்தியாசம் நின்றது. ஹொண்டுராஸில் மட்டும் சறுக்கியது. அங்கே பலருக்குக் கிடைத்தது வெளி இனக் கோழி. நோய் வந்து பெருந்தொகை செத்துப்போயின. கோழித் திட்டம் எழுதும் ஒவ்வொரு உத்தியோகத்தரும் அந்த ஒரு விடயத்தையாவது மனதில் வைக்க வேண்டும்.

இந்த முறைக்குச் செலவு கூடுதல்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆடு கொடுப்பதைவிடப் பல மடங்கு. ஆனால் இங்கே அதன் பாதிப் பாகம் ஏற்கெனவே இருக்கிறது. சாப்பாட்டுக் காசு அஸ்வெசுமவாக வருகிறது. வீடு தேடிப் போக சமுர்த்தி உத்தியோகத்தரும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். சேமிக்க சமுர்த்தி வங்கி இருக்கிறது. இவை தனித்தனித் திணைக்களங்களின் தனித்தனிப் பட்டியல்களில் ஓடுவதுதான் பிரச்சினை. ஆடு கிடைத்த வீட்டில் அஸ்வெசும இல்லை, அஸ்வெசும உள்ள வீட்டில் ஆடு இல்லை. மூன்று பட்டியலையும் ஒரு மேசையில் வைத்து, நூறு குடும்பத்துக்குச் சில்லறையாகக் கொடுப்பதைவிட இருபது குடும்பத்துக்கு முழுதாகச் செய்வதையே நான் கேட்பேன். மீதி எண்பது குடும்பத்தாரின் கோபம் நியாயமானது. அடுத்த வருடம் யார் என்பதை முதலிலேயே எழுதி ஒட்டாவிட்டால் இது ஊரில் எடுபடாது.

யாருக்கு எது என்று கேட்டால் என் கணிப்பு இது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், படுக்கையில் உள்ளவரைப் பார்க்கும் குடும்பங்கள்: மாத உதவியைத் தொடர வேண்டும், சுயதொழில் என்று அவர்களை வருத்தக் கூடாது. தனியே குடும்பம் தாங்கும் தாய்மார்: பிராக் முறையில் சொன்ன எல்லாம் சேர்ந்த முழு உதவியும், இரண்டு வருடமும். கைத்தொழிலும் வாங்குவோரும் உள்ளவர்கள்: மொத்தக் காசோ கருவியோ, ஒரு வருடம் கழித்துச் சமுர்த்திக் கடன். கணவனுக்கும் தொழில் உள்ள வீடு என்றால், இருவரையும் உட்கார்த்தி எந்தத் தொழிலுக்குக் காசு என்று வெளிப்படையாகப் பேசிக்கொண்டு கொடுக்க வேண்டும்.

படிவம் நிரப்பப் போகிறவர்கள் பிரதேச செயலகத்தில் இவற்றைக் கேளுங்கள். இந்த உதவி கிடைத்தால் என் அஸ்வெசும எத்தனை மாதம் தொடரும்? தடுப்பூசிக்கும் நோய்க்கும் எந்தக் கால்நடை வைத்தியர் வருவார்? என் தெருவில் இதே உதவி இன்னும் எத்தனை வீட்டுக்கு? கோழியோ ஆடோ என்றால், மாரி கழிந்து மாசியில் தர முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'வருட முடிவுக்குள் காசை முடிக்க வேண்டும்' என்று பதில் வந்தால், கூட்டையாவது உயரமாகக் கட்ட அதே நிதியில் இடம் கேளுங்கள்.