டியூனா, ஹைபீரியனா: எதில் தொடங்குவது?

தொலைதூர எதிர்கால விண்வெளிக் கதைத் தொடர் ஒன்றை ஆசையாக எடுத்துவிட்டு, ஐம்பது பக்கத்தோடு மூடி வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவர்கள் எடுத்தது ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’. 1965இல் வந்த அந்த நாவல் எனக்கு உயிர். ஆனாலும், முதல் புத்தகமாக அதை யாருக்கும் தர மாட்டேன். டான் சிம்மன்ஸின் ‘ஹைபீரியன்’தான் (1989) தருவேன்.

டியூனில் நம்மைத் தடுப்பது சொற்கள். கோம் ஜப்பார், குவிசாட்ஸ் ஹாடெராக், பெனே கெஸ்ஸரிட் என்று முதல் அத்தியாயத்திலேயே வந்து விழும்; நின்று விளக்க ஆள் இல்லை. நூலின் கடைசியில் சொல்லகராதி இருக்கிறது. தயவுசெய்து முதல் வாசிப்பில் அதைத் தொடாதீர்கள். நாயகன் பால் அட்ரெய்டிஸ் சோதனைக்காக ஒரு பெட்டிக்குள் கையை விட்டு வலியைப் பொறுக்கும் நேரத்தில் நாம் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தால், அந்த வலி நம்மை எட்டாது. புரியாததைப் புரியாமலே விட்டுவிட்டுப் போனால் போதும். சிந்திக்கும் இயந்திரங்களை மனிதர்கள் ஒழித்துக்கட்டிய உலகம் அது. அதனால்தான் கணக்கிடும் வேலைக்கு மென்டாட் என்ற பயிற்சி பெற்ற மனிதர்கள். இது பிடிபட்டதும் பாதி இருட்டு விலகிவிடும்.

ஹைபீரியனிலும் புதுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை கதை சொல்பவரின் வாய்வழியே வருகின்றன. காலக் கல்லறைகள் என்ற மர்மமான இடத்தை நோக்கிப் போகும் யாத்ரீகர்கள் ஆளுக்கொரு கதையாகத் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். பாதிரியார் சொல்வது ஒரு நாட்குறிப்பு. லேமியாவினுடையது துப்பறியும் கதை. ஒன்று ஒட்டவில்லை என்றால் அடுத்தது இழுத்துக்கொள்ளும். சோல் வைன்ட்ராப் சொல்லும் கதையில் அவருடைய மகள் நாளுக்கு நாள் வயது குறைந்து, நினைவுகளை ஒவ்வொன்றாக இழந்து, மறுபடி கைக்குழந்தையாகிறாள். அதைப் படிக்க விண்வெளி பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். நான் அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு குறை உண்டு, பெரிய குறைதான்: ஹைபீரியன் தன்னளவில் முடிவதில்லை. ‘தி ஃபால் ஆஃப் ஹைபீரியன்’ (1990) பக்கத்தில் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் டியூன் மேல். முதல் நாவலோடு நிறுத்தினாலும் நிறைவு இருக்கும். ஆனால் ‘டியூன் மெசையா’வையும் (1969) படித்துவிடுங்கள். பால் அட்ரெய்டிஸை வீரனாக மட்டும் நினைத்துக்கொண்டு போவது ஹெர்பர்ட் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ஆறாவது நாவல் வரை போகிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்: 1986இல் அவர் இறந்துபோனதால் சில முடிச்சுகள் அவர் கையால் அவிழவே இல்லை.

மூன்றாவதாக அலஸ்டர் ரெனால்ட்ஸின் ‘ரெவலேஷன் ஸ்பேஸ்’ (2000). வானியற்பியலாளர் எழுதியது, இதில் எந்தக் கப்பலும் ஒளியை முந்தாது. ஒரு பயணத்துக்கே பல ஆண்டுகள் ஆவதால், மூன்று கதை இழைகளும் வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கி மெல்ல நெருங்குகின்றன. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் போட்டிருக்கும் இடத்தையும் ஆண்டையும் தாண்டிப் போனால் குழப்பம்தான். மனிதர்கள் கொஞ்சம் குளிர்ச்சியானவர்கள், மனதில் ஒட்ட நேரமாகும். ஆனால் ஒன்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இனம் ஏன் அழிந்தது என்ற கேள்வி விடாமல் இழுக்கும். இதை மட்டும் ஒலிநூலாகக் கேட்காதீர்கள். சட்டென்று பின்னால் புரட்டி ஆண்டைச் சரிபார்க்க வேண்டிய இடங்கள் நிறைய வரும்.