காரைக்குடியில் வாங்கிய வால்வு ரேடியோ: மூன்று மாதம் கேட்டபின்

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ரேடியோ வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான் நுழைந்த முதல் கடையில் தேக்குப் பெட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே வால்வு, அதாவது பழைய ரேடியோவைப் பேசவைக்கும் கண்ணாடிக் குழாய், ஒன்றுகூட இல்லை. புளூடூத் போர்டு ஒன்றை ஒட்டிவைத்திருந்தார்கள். வயிறெரிந்து வெளியே வந்தேன்.

அடுத்த கடையில் 4,200 ரூபாய்க்கு ஐந்து வால்வு செட் ஒன்று கிடைத்தது. பாட்டு வரவில்லை, ஆனால் உள்ளே எல்லாம் இருந்தது. டயல் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'சிலோன்'. அதைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை.

ஐயா (தாத்தா) கொழும்பு செட்டியார் தெருவில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் வாங்கிவைத்த ரேடியோவில்தான் அப்பச்சி (அப்பா) காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தார். 1952இல் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் நம் வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. கொழும்பிலோ 1950லேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியாயிற்று. பிறகு முள் எந்தப் பக்கம் திரும்பும்? மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று அந்த அறிவிப்பாளர்களை வரிசையாகச் சொல்லும்போது அப்பச்சி முகமே வேறு.

பழுது பார்த்தது ஊரில் உள்ள ஒரு மெக்கானிக் அண்ணன். கண்டன்சர்களை மாற்றி, அறுந்த டயல் நூலைக் கட்டி, 1,600 வாங்கினார். வேலை சுத்தம். சுவிட்சைப் போட்டால் அரை நிமிடம் ஒன்றும் இருக்காது. வால்வு சிவந்து, மெல்ல உறுமல் கேட்கும். நிலையம் சரியாக விழுந்ததும் நிலையம் விழுந்ததைக் காட்டும் பச்சை விளக்கான 'மேஜிக் ஐ'யின் இரு இறக்கைகளும் நெருங்கிவரும். அதைப் பார்ப்பதற்கே கொடுத்த காசு தகும்.

மத்திய அலை (மீடியம் வேவ்) அருமை. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் கணீரென்று விழுகிறது. சற்றுக் கீழே 882இல், இலங்கைப் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவின் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள். டிரான்ஸ்மிட்டர் 400 கிலோவாட்; குறுக்கே கடல். உப்புத் தண்ணீர்மேல் மத்திய அலை அவ்வளவாகத் தேயாது, அதனால் இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

குறை என்றால் எல்இடி பல்பு. வீட்டு முகப்பில் ஒன்று எரிந்தாலும் கரகரப்பு வந்துவிடுகிறது, செல்போன் சார்ஜரும் அப்படித்தான். வீட்டுக்குள்ளே விட்ட ஏரியல் கம்பி உதவவில்லை. வளவுக்கு (உள்முற்றத்துக்கு) மேலே இருபதடிச் செப்புக் கம்பி இழுத்த பிறகுதான் சுத்தமானது. எப்எம் கிடையாது. பெட்டி நன்றாகச் சூடாகும், சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

இப்போது சாயங்காலம் ஆறரைக்கு நாங்களே பல்பை அணைத்துவிடுகிறோம். அப்பச்சி முள்ளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். "தம்பி, கம்பியை இன்னும் கொஞ்சம் தெற்கே இழுத்துப் பாரேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இழுத்துக் கட்ட வேண்டும்.