23 பெரிதா, 13 பெரிதா? கைக்குழந்தைக்கு ஏற்ற நிமோகாக்கல் தடுப்பூசி

ஒரு பெட்டியில் 23, இன்னொன்றில் 13 என்று எண் இருந்தால் பெற்ற மனம் 23-ஐத்தான் நாடும். நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியில் 90-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கும்போது, அதிக வகைகளைத் தடுக்கும் ஊசிதானே நல்லது? கைக்குழந்தை விஷயத்தில் இந்தக் கணக்கு தவறு.

இரண்டு ஊசிகளுக்கும் குறி ஒன்றுதான்: கிருமியைப் போர்த்தியிருக்கும் சர்க்கரை உறை. 23 வகைக்கான பாலிசாக்கரைடு ஊசியில் அந்தச் சர்க்கரை மட்டும் இருக்கிறது. பெரியவர்களின் உடல் அதைக் கண்டதும் எதிர்ப்பொருளைச் சுரக்கும். இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் உடல் அதை அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி செல்களின் துணை இல்லாததால் நோய் எதிர்ப்பு நினைவும் பதியாது.

13 வகைக்கான கான்ஜுகேட் ஊசியில் அதே சர்க்கரை ஒரு புரதத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது; நச்சுத்தன்மை இல்லாத டிப்தீரியா நச்சின் மாற்று வடிவம் அது. புரதத்தை டி செல்கள் இனம் கண்டு, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல்களை முடுக்கிவிடும். அதனால் ஆறு வாரச் சிசுவுக்கும் பலன் கிடைக்கிறது. ஏவரி, கோபல் என்ற விஞ்ஞானிகள் இந்தப் பிணைப்பின் வலிமையை 1931-லேயே முயல்களில் காட்டிவிட்டார்கள். அது குழந்தைகளை வந்தடைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான ஹிப்பின் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி வகை) கதையைப் பாருங்கள். 1985-ல் அமெரிக்காவில் வந்த, உறைச் சர்க்கரை மட்டுமே கொண்ட ஊசி, மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்கிய கைக்குழந்தைகளுக்கு உதவவில்லை. 1990-ல் இரண்டு மாதக் குழந்தைக்கும் கான்ஜுகேட் ஊசி அனுமதிக்கப்பட்டது. அதன்பின் ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் கடும் ஹிப் தொற்று சுமார் 99 சதவீதம் குறைந்தது. மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தையின் உச்சிக்குழி விரலுக்கடியில் விம்மிப் புடைத்திருப்பதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் புரியும். பிழைத்த பின்பும் காது கேளாமல் போன பிள்ளைகள் உண்டு.

கான்ஜுகேட் ஊசி மூக்கிலும் தொண்டையிலும் கிருமி தங்குவதையும் குறைக்கிறது. அதனால் ஊசி போடாத தாத்தா பாட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. சர்க்கரை ஊசியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

தவணை முறையிலும் இரண்டு உண்டு: தொடக்கத்திலேயே மூன்று, அல்லது தொடக்கத்தில் இரண்டும் பின்னர் ஓர் ஊக்கத் தவணையும். உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் ஏற்கிறது. உங்கள் நாட்டு அட்டவணைப்படி தள்ளிப்போடாமல் போடுங்கள்.

23-க்கும் இடம் உண்டு. மண்ணீரல் அகற்றப்பட்ட பிள்ளைக்கும் அரிவாள் செல் நோயுள்ள பிள்ளைக்கும், இரண்டு வயதுக்குப் பிறகு, கான்ஜுகேட் தவணைகளுக்கு மேல் கூடுதலாக மருத்துவர் அதைப் பரிந்துரைக்கக்கூடும்.