நாகையில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்: விமானப்படைப் பக்குவம்

உப்புக்காற்றில் வண்டி ஓட்டுகிற நாகைக்காரர்கள் இந்த மெக்கானிக்கிடம் வண்டியை ஒருமுறை காட்டிவிடுங்கள். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர். கடலோரத் தளங்களில் போர் விமானத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுகிற அதே முறைதான் ஸ்கூட்டருக்கும்: நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, பெயின்ட் உரிந்த இடத்தைச் சுரண்டி பிரைமர் அடித்து, அப்புறம்தான் மற்ற வேலை. அலுமினியமும் எஃகு போல்ட்டும் சேருமிடத்தில் உப்பு ஈரம் தங்கினால் முதலில் அரிபடுவது அலுமினியம் என்று சொல்லி, என் இன்ஜின் கவரைக் கழற்றி, போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பூத்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தேய்த்துக் காட்டினார். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் நிற்கிற சுகோய்-30 போர் விமானங்களுக்கும் ஈரக்காற்று தொல்லைதானாம்.

சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரைந்திருக்கிறது. சாயங்காலம் ஓர் இடம் காலியாக இருந்தால் அது கிடைக்கிறவரை வண்டியைத் தரமாட்டார். விமானத்துக்குள் மறந்துவிட்ட ஒரு ஸ்குரூடிரைவர் கண்ட்ரோலில் சிக்கினால் பைலட் உயிருக்கே ஆபத்து, அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கூலி கொஞ்சம் கூடுதல், வேலையும் மெதுவு. ஐப்பசி மழைக்கு முன்பே விட்டுவிடுங்கள், பிறகு கூட்டம்.