ஹட்டன் ஜிம்மா, இஸ்தோப்பில் மண்மூட்டையா?

ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், உடம்பில் கொஞ்சம் சதை ஏற வேண்டும். அதற்கு இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனுக்குப் போய் ஜிம்மில் சேர்வதா, தேயிலைத் தோட்டத்து வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்வதா? எங்கள் பக்கத்துப் பையன்கள் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நான் பயில்வான் என்பதால் கேட்கவில்லை. எங்கள் தோட்ட டிவிசனில் இரண்டையும் செய்து பார்த்தவன் நான் ஒருவன்தான். எட்டு மாதம் டவுன் ஜிம், அதன்பின் ஒன்றரை வருடம் வீட்டு இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை. தொடங்கும்போது 58 கிலோ, இப்போது 65. எந்தக் கிலோ எங்கே ஏறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எது எங்கே காலை வாரியது என்று சொல்ல முடியும்.

முதலில் தோட்ட வேலை என்ற மூன்றாவது போட்டியாளரை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். "மலை ஏறிக் கொழுந்து மூட்டை சுமக்கிறவனுக்கு ஜிம் எதற்குத் தம்பி?" என்று எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கூடையின் தலைக்கயிறு அழுத்திய தடம் அவர் நெற்றியில் இன்னும் இருக்கிறது. அவர் சுமந்த சுமையைக் கூட்டிப் பார்த்தால் தோள் இரண்டும் பாறையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கை குச்சிதான். தசை பருக்க வேண்டுமானால் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். கொழுந்துக்கூடை இருபது வயதிலும் நாற்பது வயதிலும் ஏறக்குறைய ஒரே பாரம். உடம்பு அதற்குப் பழகியதும் அதோடு நின்றுகொள்கிறது. போதாததற்கு நாள் முழுக்க மேடும் பள்ளமும் ஏறி இறங்கிச் செலவழித்த சக்திக்கு ஈடாக உள்ளே போனது ரொட்டியும் சம்பலும். தோட்ட வேலை தாக்குப்பிடிக்கும் உடம்பைத் தரும். பருத்த உடம்பைத் தராது. மாமாவிடம் இதைச் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி ஜிம். அங்கே எனக்கு மிகவும் பிடித்த பொருள் 1.25 கிலோ இரும்புத் தட்டு. பெரிய தட்டுகளைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினால் போன வாரத்தைவிட இரண்டரைக் கிலோ கூடுகிறது. உடம்புக்கு அது தெரிந்தும் தெரியாத அளவு. வளர்ச்சியின் சூத்திரமே இந்தச் சின்னத் தட்டில்தான் இருக்கிறது. முதுகுக்கு இழுக்கும் கருவி, தொடைக்குப் பாரம், பார்பெல் நெஞ்சில் சிக்கிக்கொண்டால் தூக்கிவிட ஓர் ஆள் என்று மற்ற வசதிகளும் உண்டு.

பிறகு பஸ். நான் டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஆறு மணிக்கு விட்டால் ஜிம்முக்கு ஆறரை, முடித்து வெளியே வந்தால் எட்டு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் ஒரு பயிற்சிதான் என்று ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டேன். ஜூன் மாதம் மழை பிடித்தது. வீதியில் மண் சரிந்து ஒரு நாள் டிக்கோயா வரை நடந்தே வந்தேன். முதல் மாதத்தில் வாரம் நான்கு நாள் போனவன் ஆறாவது மாதத்தில் ஒரு நாள் போனேன். கட்டணம் மட்டும் முழுதாகப் போனது. அதோடு அங்கிருந்த பயிற்சியாளர் மூன்றாவது வாரத்திலேயே புரோட்டீன் டின் வாங்கச் சொன்னார். ஐந்தாவது மாதத்தில் குரலைத் தாழ்த்தி, "ஒரு கோர்ஸ் ஊசி போட்டால் வேகமாக வரும்" என்றார். அந்த ஊசியின் கதை சுருக்கமானது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. விரை சுருங்கும், நல்ல கொலஸ்ட்ரோல் இறங்கும், இதயம் சேதப்படும். வேகமாக வரும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. மற்றவற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இஸ்தோப்புக்கு வந்தது இப்படித்தான். ஐம்பது கிலோ உரப்பை ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டேன். நேரடியாக மண்ணைக் கொட்டினால் எடையைக் கூட்டிக் குறைக்க முடியாது. அம்மா சேர்த்து வைத்திருந்த 400 கிராம் பால்மாப் பக்கெட்டுகளின் காலிப் பைகள் அப்போது கைகொடுத்தன. ஒன்றில் மணலை நிரப்பி வாயை மடித்து டேப் ஒட்டினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அப்படிப் பத்துப் பக்கெட்டைப் பைக்குள் அடுக்கிக் கழுத்தைக் கயிற்றால் கட்டினேன். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூட்டம் கலைந்ததும் தராசுக் கொக்கியில் மாட்டிப் பார்த்தேன். 11.4. கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்து, "யார் கொழுந்து?" என்று கேட்டார். மண் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஜிம்மின் சின்னத் தட்டுக்கு என் பதில் இந்தப் பால்மாப் பக்கெட். வாரத்துக்கு ஒன்று கூட்டலாம்.

இந்தச் சின்னப் பாரம் போதுமா என்பது அடுத்த சந்தேகம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். இளைஞர்களின் தொடைக்குப் பத்து வாரப் பயிற்சி. ஒரு தரப்பு தாங்கள் தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதத்தைத் தூக்கியது, இன்னொரு தரப்பு வெறும் 30 சதவீதத்தை. இரண்டு தரப்பும் கால் இனி அசையாது என்னும்வரை செய்தார்கள். மூன்று செட், அதாவது மூன்று சுற்று, செய்தவர்களின் தசைப் பருமன் இரண்டு தரப்பிலும் ஒத்த அளவில் கூடியது. உச்ச எடையைத் தூக்கும் பலம் மட்டும் பாரமானதைத் தூக்கியவர்களுக்கே அதிகம் வந்தது. ஆகவே சதைதான் நோக்கம் என்றால் மூட்டை போதும். மேடையில் ஏறிப் பாரம் தூக்கிப் பதக்கம் வாங்க வேண்டுமென்றால் ஜிம்தான் வழி. ஒரு நிபந்தனை: இலேசான பாரத்தில் இருபத்தைந்து, முப்பது தடவை போய், இன்னும் இரண்டு தடவைதான் முடியும் என்கிற இடம் வரையாவது போக வேண்டும். அந்தக் கடைசி ஐந்து தடவை தொடையில் நெருப்பு வைத்தது போல் இருக்கும். நம் பையன்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்கு முன்பே கண்ணாடி பார்க்கப் போய்விடுகிறார்கள்.

தண்டாலை யாரும் மதிப்பதில்லை, அதனால் ஒரு கணக்கு. தரையில் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. அறுபது கிலோ ஆளுக்கு அது நாற்பது கிலோ பாரம், ஒரு சதம் செலவில்லாமல். காலை இஸ்தோப்புப் படியின் மேல் தூக்கி வைத்தால் இன்னும் கூடும். காலுக்கு மூட்டையை நெஞ்சோடு அணைத்து, ஒரு பாதத்தைப் பின்னால் படியில் வைத்து, ஒற்றைக் காலில் பஸ்கி. பதினைந்து கிலோ மூட்டையே இதற்கு அழ வைக்கும்.

வீடு தோற்கும் இடம் முதுகு. தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, இழுப்பதற்கு ஒன்றுமில்லை. லயத்துக் கூரைச் சட்டத்தில் தொங்கிப் பார்க்காதீர்கள், தகரத்தோடு கீழே வரும். நான் கிரவுண்ட் கோல்கம்பத்தில் தொங்குகிறேன். மழை நாளில் இரும்பு வழுக்கும், பனிக்காலக் காலையில் கை விறைத்துவிடும், புல்லுக்குள் அட்டை வேறு. இந்த ஒன்றுக்காகவே இப்போதும் மாதம் இரண்டு தடவை, சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறும் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும், நாட்கட்டணம் கட்டி ஜிம்முக்குப் போய் முதுகை மட்டும் செய்துவிட்டு வருகிறேன்.

இவ்வளவு நேரம் பாரத்தைப் பற்றிப் பேசினேன். உண்மையில் எனக்கு ஐந்து கிலோவாவது ஏறியது மூட்டையாலும் இல்லை, இரும்பாலும் இல்லை என்று நினைக்கிறேன். தட்டில் மாற்றம் வந்த பிறகுதான் தராசு அசைந்தது. ஜிம்மில் முதல் நான்கு மாதம் எடை 58 கிலோவிலேயே நின்றது. ஏனென்றால் நான் சாப்பிட்டது அதே சாப்பாடு.

2018இல் 49 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, பாரம் தூக்குகிறவர்கள் நாளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 1.6 கிராம் புரதம் எடுக்கும்வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் சராசரியில் கூடவில்லை என்று கண்டது. அறுபது கிலோவுக்கு 96 கிராம். இனி நம் தட்டைப் பாருங்கள். காலையில் 150 கிராம் கோதுமை மா ரொட்டி, சம்பலோடு: 15 கிராம் புரதம். மதியம் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி: 20. இரவும் அதே: 20. மொத்தம் 55. சாதாரணமாக வாழ அது போதும். வளர ஏறக்குறைய 40 கிராம் குறைகிறது. இந்த நாற்பதை எதால் நிரப்புவது என்பதுதான் மெய்யான போட்டி.

புரோட்டீன் டின் முதலில். வேலை செய்கிறது, கரைத்துக் குடித்தால் முடிந்தது, உடம்பில் நன்றாகச் சேர்கிறது. ஐந்து றாத்தல் டின்னில் ஏறக்குறைய 1,700 கிராம் புரதம். ஆனால் 2024இல் அரச வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் தோட்ட நாட்சம்பளத்தில் ஒரு டின் வாங்கப் பத்துப் பேருக்கு மேல், அதாவது பத்து நாள் வேலைக்கு மேல், போட வேண்டும். பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் தண்ணீரை வடிகட்டி உலர்த்திய பொடி அது, மந்திரம் ஒன்றுமில்லை.

சோயா மீட்டைக் கேலி செய்கிறவர்கள் பக்கெட்டின் பின்பக்கத்தை வாசிப்பதில்லை. 90 கிராம் பக்கெட்டில் ஏறக்குறைய 40 கிராம் புரதம். குறைகிற நாற்பது முழுவதும் ஒரே பக்கெட்டில். ஆண்மை குறையும் என்று பையன்கள் பயப்படுகிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் எதையும் காணவில்லை. குற்றம் இருப்பது உள்ளே வரும் மசாலாப் பொடியில்: அத்தனையும் உப்பு. பாதியைப் போட்டு மீதியை எறிந்துவிடுங்கள். தினமும் தின்றால் நாக்கு செத்துவிடும் என்பதும் உண்மை.

முட்டைக்கு ஆறு கிராம் என்று வைத்துக்கொண்டால் மூன்று முட்டை 18. சுவை, சத்து, சமைக்கும் நேரம் எல்லாவற்றிலும் முட்டைக்குத்தான் என் ஓட்டு. விலைதான் நிலையில்லை, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்த நாடு இது. நெத்தலிக் கருவாட்டின் எடையில் பாதிக்கு மேல் புரதம், ஒரு பிடி போதும், ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். பருப்பு, கடலை, கௌபி நல்லவைதான், ரொட்டியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். ஆனால் நாற்பது கிராமையும் பருப்பிலிருந்து எடுக்க உலர்ந்த பருப்பு 160 கிராம் வேண்டும். ஒரே காம்பராவில் ஐந்து பேர் தூங்கும் வீட்டில் அந்த வாயுவை யோசித்துப் பாருங்கள்.

பாலைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் கோபம் வருகிறது. எங்கள் லயத்திலேயே மூன்று வீட்டில் பசு இருக்கிறது. விடியக் கறந்த பால் சேகரிக்கும் இடத்துக்குப் போகிறது, பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கிறார்கள். காசு தேவை, தெரியும். இருந்தாலும் பாரம் தூக்கும் பையன் உள்ள வீட்டில் ஒரு தம்ளரை ஒதுக்கினால் ஆறேழு கிராம் அங்கேயே கிடைக்கும்.

நான் இப்போது எடுப்பது காலையில் இரண்டு முட்டை, மதியம் அல்லது இரவு அரைப் பக்கெட் சோயா மீட், பின்னேரம் அவித்த கடலை ஒரு பிடி. நாற்பது கிராமை நெருங்கிவிடுகிறது, டின் இல்லாமல். இன்னொன்று: சாப்பாட்டோடு பிளேன் டீ குடிப்பதை விட்டேன். தேயிலையில் உள்ள பொருள்கள் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் தொல்லை குறைவு. நாம் பறிக்கிற தேயிலை நம் தட்டிலேயே கை வைக்கிறது.

யாருக்கு எது? டவுனிலேயே தங்கி வேலை செய்கிறவன், பஸ்ஸை நம்பியிருக்க வேண்டாதவன், கட்டணம் கட்டியும் முட்டைக்குக் காசு மிஞ்சுகிறவன் ஜிம்முக்குப் போகட்டும், அதுதான் வேகமான வழி. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முட்டையையும் சோயா மீட்டையும் எடுத்துக்கொண்டு மூட்டையைக் கட்டுங்கள். பெண்பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் இஸ்தோப்பைச் சொல்வேன். இரவு எட்டு மணி பஸ்ஸில் தனியாக வரும் கவலை இல்லை, ஒரு மூட்டை தூக்கியதால் யாரும் ஆண்பிள்ளை போல் ஆகிவிடுவதும் இல்லை. நாள் முழுக்க மலையில் வேலை செய்கிறவர் வாரம் இரண்டு நாள் செய்தால் போதும், மற்ற நாள் தூங்க வேண்டும்.

போன வாரம் பக்கத்து லயத்துப் பையனின் அம்மா என்னைத் தேடி வந்தார். கடைக் கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "இரண்டு வாரத்தில் முப்பது முட்டை எழுதியிருக்கிறார்கள், இது தேவைதானா தம்பி?" என்று விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். தேவைதான் அக்கா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நான்கு கோழி வாங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். கீரிப்பிள்ளைத் தொல்லைக்கு என்ன செய்வது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.